நாய்க்கு ஒரு ரியூட்டரி

என் மனைவிக்கு ஊர் நெசவு நிலையத்தில் வேலை கிடைத்த அன்று வீட்டில் பாயாசம் காய்ச்சினோம். சண்டையால் சீனி கிடைக்காத காலம், பனங்கட்டி போட்டுத்தான் காய்ச்சினோம். நாய்க்கும் ஒரு சிரட்டையில் ஊற்றி வைத்தாள். அது நக்கிக் குடித்துவிட்டு வாலை ஆட்டியது. இந்த வேலையால் முதலில் பாதிக்கப்படப் போவது தான்தான் என்று அதற்குத் தெரியாது.

அதுவரை அது ஒருநாள்கூடத் தனியாக இருந்ததில்லை. நான் விடிய எழும்பி, புத்தூரிலிருந்து பருத்தித்துறைக்குச் சைக்கிள் மிதித்து, அங்கே மைத்துனரின் சைக்கிள் கடையில் வேலை பார்த்துவிட்டுப் பொழுதுபடத்தான் திரும்புவேன். மனைவி வீட்டில் இருப்பாள். அவள் கிணற்றடிக்குப் போனால் நாயும் கிணற்றடிக்குப் போகும். அவள் சமைத்தால் அது அடுப்படி வாசலில் படுத்திருக்கும். அவள் வேலைக்குப் போன முதல் நாள், படலையைச் சாத்தியதும் அது படலைக்கு முன்னால் குந்தியது, கழுத்தை நிமிர்த்தியது, ஊளையிடத் தொடங்கியது. பின்னேரம் அவள் வந்து படலையைத் திறக்கும்வரை நிறுத்தவில்லையாம்.

குரைத்திருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். குரைப்பது நாயின் தொழில். ஊளை வேறு. ஊளையிடுகிற நாய்க்கு யமன் வருவது கண்ணுக்குத் தெரிகிறது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன், இன்றைக்கும் முழுதாக விடவில்லை. போதாக்குறைக்கு, எங்களுக்கு அடுத்த வளவில் ஒரு பெரியவர் விறாந்தைக் கட்டிலில் மாதக்கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

அன்று பின்னேரம் நான் சைக்கிளை நிறுத்த முதலே பெரியவரின் மகள் வேலிக்கு மேலால் தலையைக் காட்டினார்.

"தம்பி, உங்கடை நாய் எங்கடை ஐயாவைக் கூப்பிடுது."

"இல்லை அக்கா, அது தனிய இருந்த கவலையிலை..."

"கவலையெண்டால் உங்கடை வீட்டைப் பாத்து ஊளையிடட்டுமன். ஏன் எங்கடை விறாந்தையைப் பாக்குது?"

"அது வானத்தைப் பாத்தெல்லோ ஊளையிடுறது."

"அது இன்னும் மோசம். இப்ப எல்லாம் மேலையிருந்துதானே வருது!"

அக்காவின் கணவர் அதிகம் கதைக்கிற ஆளில்லை. அடுத்த நாள் ஒரு சாக்கை உதறி, எங்கள் வீட்டுப் பக்கமாகத் தெரியத்தக்கதாக வேலியில் தொங்கவிட்டார். அதன் அர்த்தத்தை அக்காதான் சொன்னார். இந்தக் கிழமைக்குள் நாயின் வாய் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அவர் அதைச் சாக்கில் போட்டுக் கட்டி, தென்மராட்சிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

"அது வழி கண்டுபிடிச்சுத் திரும்பி வந்திடும் அக்கா" என்றாள் மனைவி.

"வந்தால் சாக்கு இருக்குத்தானே" என்றார் அக்கா.

சின்ன விஷயத்துக்கே பதறுகிற ஆள் நான். இது சின்ன விஷயமில்லை. நாயைக் கட்டிவைத்துப் பார்த்தோம், கட்டிய இடத்திலிருந்து ஊளையிட்டது. அறைக்குள் விட்டுப் பூட்டிப் பார்த்தோம், யன்னல் கம்பிக்குள் மூக்கை நுழைத்து ஊளையிட்டது. கடைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று மைத்துனரைக் கேட்டேன். "இஞ்சை ரயர் இருக்கு, ரியூப் இருக்கு, இரண்டும் இப்ப பொன் விலை. அது கடிச்சுப் பழகினால் பிறகு உம்மைத்தான் சில்லுக்குச் சுத்த வேணும்" என்றார். ஊளைக்குக் காரணம் உண்மையிலேயே யமன்தானோ என்று ஒருக்கா யோசித்து, அப்படியென்றால் அவர் பெரியவரிடம் வருகிறாரா என்னிடம் வருகிறாரா என்று இன்னொருக்கா யோசித்து, அந்தக் கிழமை சோறு இறங்கவில்லை.

நாய் ரியூட்டரியைப் பற்றி மனைவிதான் நெசவு நிலையத்திலிருந்து கேட்டு வந்தாள்.

எங்கள் ஊரில் ஒரு கணக்கு மாஸ்டர் இருந்தார். சந்திக்குக் கிட்டக் கிடுகுக் கொட்டில் போட்டு, வாங்கு அடுக்கி, கரும்பலகை வைத்து, வருஷக்கணக்காக ரியூசன் நடத்தினவர். பிறகு பிள்ளைகள் எல்லாம் யாழ்ப்பாணம் ரவுணில் இருந்த பெரிய ரியூட்டரிகளுக்குச் சைக்கிளில் போகத் தொடங்க, இவருடைய கொட்டிலில் வாங்குதான் மிஞ்சியது. அந்த நேரம் தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் எங்கள் ஊரில் அறை எடுத்து இருந்தது. நாயை விட்டுவிட்டு வர மனம் இல்லாமல் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் கனபேர். வீட்டுக்காரரோ, ஆளுக்கு அறை தரலாம், நாய்க்குத் தரேலாது என்று சொல்லிவிட்டார்கள். யாரோ ஒருவர் ஒரு பகலுக்கு மட்டும் என்று மாஸ்டரின் கொட்டிலில் தன் நாயைக் கட்டிவிட்டு வேலைக்குப் போனாராம். அடுத்த நாள் இன்னொருவர். கிழமைக்கு ஒரு தேங்காயோ ஒரு கட்டு விறகோ கொடுத்தால் சரி.

"காலமையிலை ஒரு பச், மத்தியானத்திலை ஒரு பச்சாம்" என்றாள் மனைவி.

"நாய்க்கு என்னத்துக்குப் பச்சும் வகுப்பும்?"

"எனக்கென்ன தெரியும்? எங்களோடை நெய்யிற ஒரு அக்காவின்ரை நாய் காலமைப் பச்சிலை நிக்குதாம். சேரக்கை ஒரே கடியாம். இப்ப வடிவா இருக்குதாம். அவ சொல்லேக்கை பாக்க வேணும், மகன் சோதினை பாஸ்பண்ணிக் கம்பஸுக்கு எடுபட்ட மாதிரி."

நாயை அங்கே விடுவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியது நான். அதுதான் பிரச்சினை. எனக்குக் கேள்விகள் வரிசையாக வரும், ஒன்றுக்கும் பதில் வராது. மற்ற நாய்கள் கடித்தால்? எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி, நாய்க்கும் அன்றைக்குச் சோறும் பருப்பும்தான், அங்கே பக்கத்து நாய் மீன்தலையோடு வந்தால்? எங்களை மறந்துவிட்டால்? பத்து நாய் சேர்ந்து ஊளையிட்டால் யமன்கள் எத்தனை? எல்லாவற்றுக்கும் மேலாக, குண்டு போடுகிற பொம்மர் வந்தால்? மனைவி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள், "இஞ்சருங்கோ, வேலியைப் பாருங்கோ." சாக்கு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை நாயைக் குளிப்பாட்டி, சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி, அதற்குள் இருத்திக்கொண்டு போனேன்.

மாஸ்டர் கொட்டில் வாசலில் கதிரை போட்டு இருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனை. அவருடைய மனைவி பக்கத்தில் நின்று சோற்றுச் சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"நாய் எந்த இடம்?" என்று அந்த அம்மாதான் முதலில் கேட்டார்.

இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்தில் மனிதரைப் பார்த்துத்தான் கேட்பார்கள். கேட்கிறவர் ஊரின் பெயரைக் கேட்கவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். நாய்க்கு என்ன சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. "மனிசியின்ரை தாய் வீட்டிலை பிறந்தது" என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். தப்பிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"இதுக்கு முதல் பிள்ளை வேறை எங்கையும் நிண்டதோ?" என்றார் மாஸ்டர்.

"இல்லை சேர்."

"நல்லது. மற்ற இடத்திலை பழுதாக்கினதை நாங்கள் திருத்துறது பெரிய பாடு. தகப்பன் நீர்தானோ?"

"ஓம் சேர்."

ஓம் என்று சொன்ன பிறகுதான் எதற்கு ஓம் சொன்னேன் என்று விளங்கியது. ஆசிரியருக்கு முன்னால் நின்றால் எனக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும். கதிரையைக் காட்டி இரும் என்றார், நான் இருக்கவில்லை. நாய் இருந்தது.

தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு பொம்மரைப் பற்றிக் கேட்டேன். மாஸ்டர் என்னைக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட நல்ல பங்கர். என் வீட்டுப் பங்கரைவிடத் திறம்.

"நாய்களுக்கும் இடம் இருக்கோ சேர்?"

"அதுகள்தான் முதல் போகும். எங்களுக்குக் கேக்கிறதுக்கு முந்தி அதுகளுக்குக் கேட்டிடும். அதுகளுக்குப் பின்னாலை நான், எனக்குப் பின்னாலை உவ."

"அதென்ன நான் கடைசி?" என்றது சட்டிப் பக்கத்துக் குரல்.

"நீர் எப்பவும் அடுப்பை அணைச்சுப்போட்டுத்தானே வாறனீர்."

அப்படித்தான் எங்கள் நாய் காலமைப் பச்சில் சேர்ந்தது. பச் முடிந்தாலும், பின்னேரம் மனைவி போய்க் கூட்டிக்கொண்டு வரும்வரை வாங்குக்குக் கீழேயே கிடக்கும். பெற்றார் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கக்கூடாது, பிள்ளைகளுக்குக் கவனம் கலையும் என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார். நான் முதல் நாளே எட்டிப் பார்த்தேன். வாங்குகளுக்குக் கீழே வரிசையாக நாய்கள். கறுப்பு, எலும்பும் தோலுமான செத்தல், மூன்று கால், ஒரு கண் இல்லாதது. மாஸ்டர் கரும்பலகைக்கு முன்னால் நின்று வர்க்கச் சமன்பாடு படிப்பித்துக்கொண்டிருந்தார். சும்மா பகிடிக்கு இல்லை. சோக்கட்டியால் எழுதி, அழித்து, "இஞ்சைதான் எல்லாரும் பிழை விடுறது" என்று திரும்பி நாய்களைப் பார்த்துச் சொன்னார். நாய்கள் ஒவ்வொன்றாக முன்னங்காலில் நாடியை வைத்தன. கொஞ்ச நேரத்தில் கொட்டில் முழுக்க நித்திரை. எனக்கு அந்த நித்திரையைத் தெரியும். எட்டாம் வகுப்புவரை நானும் அதைக் கொண்டிருக்கிறேன்.

ஊளை நின்றது. பக்கத்து வீட்டில் சாக்கு தொங்கினபடியே தொங்கியது, ஆனால் அக்கா தலையைக் காட்டவில்லை. மனைவி நெசவு நிலையத்தில் பெருமையாகக் கதைக்கத் தொடங்கினாள். அங்கே இடம்பெயர்ந்து வந்த அக்காமார், தங்கள் நாய் தெல்லிப்பழையில் நிற்கும்போதே கெட்டிக்காரன் என்பார்களாம். எங்கடை புதுசு, ஆனால் மாஸ்டர் முன் வாங்கிலை விட்டிருக்கிறார் என்று இவள் சொல்லுவாளாம்.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வீட்டுக்கு வந்தாலும் நாய் நித்திரை கொண்டது. அதுவும் யாராவது தொடர்ந்து கதைத்தால் போதும், நின்ற இடத்திலேயே கண் செருகும். ஒருநாள் தபால்காரன் படலைக்குள் வந்து, முகவரி பிழை என்று விளக்கம் சொல்லத் தொடங்க, அது அவனுடைய காலிலேயே சாய்ந்துவிட்டது. முன்பு அவன் படலைக்கு வெளியேதான் நிற்பான்.

"உங்களைப் போலத்தான்" என்றாள் மனைவி. "நான் வாய் திறந்தால் இரண்டு பேருக்கும் கொட்டாவி."

அடுத்த கிழமை ஒரு முற்பகல், நான் கடையில் சில்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டிருந்தபோது பொம்மர் சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடினோம். அது எங்களுக்கு மேலே நிற்கவில்லை, புத்தூர்ப் பக்கமாகப் போனது போல எனக்குப் பட்டது. எந்தப் பக்கம் போனாலும் எனக்கு அப்படித்தான் படும். நித்திரை கொள்ளுகிற நாய் பொம்மரை எப்படிக் கேட்கும் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. மனைவி புத்தியுள்ளவள், பங்கருக்குள் போயிருப்பாள். மைத்துனர் கூப்பிடக் கூப்பிட, யாரோ திருத்தக் கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தேன். பாதி வழியில்தான் அந்தச் சைக்கிளுக்கு பிரேக் இல்லை என்று தெரிந்தது.

இரண்டு மூன்று தரம் வந்து சுற்றிய பொம்மர் நான் போய்ச் சேர்ந்தபோதுதான் எங்கேயோ போயிருந்தது, எங்கள் ஊரில் ஒன்றும் விழவில்லை. பங்கர் வாசலில் ஒற்றைக் கண் நாயின் தலை தெரிந்தது, அதற்குப் பின்னால் மாஸ்டரின் தலை. அந்த அம்மா இந்தமுறை முந்திப் போயிருந்தார். எங்கள் நாய் அங்கே இல்லை. கொட்டிலுக்குள் ஓடினேன். முன் வாங்குக்குக் கீழே, கரும்பலகைக்கு நேராக, குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தது.

"எழுப்பிப் பாத்தன், எழும்பேல்லை" என்றார் மாஸ்டர், வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு. அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. "அவ்வளவு ஊன்றிக் கேட்டிருக்கு."

நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளை உருட்டி வீட்டுக்கு வந்தேன். இங்கே விட்டால் சாக்கு, அங்கே விட்டால் பொம்மர். வீடு வந்து சேரும்வரை இதைத்தான் திருப்பித் திருப்பி யோசித்தேன். படலையைத் திறந்தபோது பக்கத்து வீட்டு அக்கா எங்கள் முற்றத்தில் நின்றார். வேலிக்கு மேலால் அல்ல, முற்றத்தில். அழுதிருந்தார். பெரியவர் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, ஐயா மூன்று நாளாச் சாப்பிடுறாரில்லை."

"வைத்தியரிட்டைக் காட்டினீங்களோ?"

"அவர் வைத்தியரைக் கேக்கேல்லை. நாயைக் கேக்கிறார்."

விஷயம் இதுதான். நாய் ஊளையிட்ட காலத்தில் பெரியவர் கட்டிலில் எழும்பி இருந்து, "போடா, நான் வரேல்லை" என்று பதிலுக்குக் கத்துவாராம். கத்தினால் தொண்டை காயும், காய்ந்தால் கஞ்சி குடிப்பார். பிறகு அடுத்த ஊளைக்குக் காத்திருப்பார். இப்போது ஊளை இல்லை. யமன் சத்தம் போடாமல் வரப்போகிறான், எந்த நேரம் என்று தெரியாது என்று சொல்லி வாயைப் பூட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

"உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். ஒரு நாளைக்கு இரண்டு தரம் எண்டாலும் ஊளையிட விடுங்கோ."

அடுத்த நாள் நாயை ரியூட்டரிக்குக் கொண்டுபோகவில்லை. முன்பு போலவே படலையைச் சாத்திவிட்டு, நானும் மனைவியும் வேலைக்குப் போகாமல் ஒழுங்கைத் திருப்பத்தில் ஒளிந்து நின்றோம். அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் காத்து நின்றார். நாய் படலைக்கு முன்னால் வந்து குந்தியது. கழுத்தை நிமிர்த்தியது. பிறகு கொட்டாவி விட்டுப் படுத்துவிட்டது.

அக்கா எங்களைக் கெட்ட பேச்சுப் பேசவில்லை என்பது மட்டும்தான் குறை. "நல்லாய் இருந்த நாயைப் படிக்கவிட்டுக் கெடுத்துப்போட்டீங்களே!" என்றார். கடைசியில் கோபத்தோடு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போய், பெரியவரின் கட்டில் காலில் கட்டிவிட்டு, "இந்தாங்கோ, உங்கடை நாய். நீங்களே கேளுங்கோ" என்றாராம்.

பெரியவர் கேட்கவில்லை. சொல்லத் தொடங்கினார். அவரிடம் ஒரு வேலி வழக்கு இருந்தது. எங்கள் வீட்டுக்கும் அவருடைய வீட்டுக்கும் நடுவில் நிற்கிற அதே வேலிதான். வீடு என் மனைவிக்குச் சீதனமாக வந்தது, வழக்கும் அதோடுதான் வந்தது. மாமனார் காலத்தில் கோர்ட்டு வரைக்கும் போய், கோர்ட்டு நடக்காமல் நின்றுபோனது. இந்த வழக்கை முழுதாக இருந்து கேட்ட ஆள் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. மகள் பாதியில் எழும்பிவிடுவார், மருமகன் தொடங்க முதலே எழும்பிவிடுவார். நாய் எழும்பவில்லை. முன்னங்காலில் நாடியை வைத்துக் கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்தது. பெரியவர் வேலிக்குக் கதியால் தடி நட்ட இடத்திலிருந்து கோர்ட்டில் வாதாடிய அப்புக்காத்து மாறினது வரைக்கும் சொல்லி, தொண்டை காய்ந்து, ஒரு கோப்பை கஞ்சி குடித்து, இன்னொரு கோப்பை கேட்டார்.

அதன் பிறகு காலையில் நாய் தானாகவே வேலிக் கண்டாயத்து இடைவெளியால் நுழைந்து அங்கே போய்விடும். சாக்கு எப்போது வேலியிலிருந்து போனது என்று நான் கவனிக்கவில்லை. பொம்மர் வந்தால் அக்காவின் கணவர் பெரியவரைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குப் போவார். பெரியவர் நாயின் கயிற்றை விடமாட்டார். அதனால் நாய் நித்திரையோ விழிப்போ பங்கருக்குப் போய்ச் சேரும்.

மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

"ஏன் பிள்ளை வரேல்லை?"

நான் எழும்பிக் கையைக் கட்டினேன். மனைவி கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டிலை ஏதும் கஷ்டமெண்டால் சொல்லும். தேங்காய் பிறகு தரலாம். நல்லா வரக்கூடியது. இடையிலை நிப்பாட்டினால் பழுதாப் போயிடும்."

எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது எங்கள் படலையை ஒரு ஆசிரியரும் திறக்கவில்லை. நான் நின்றது அவர்களுக்குத் தெரியுமோ என்றுகூட எனக்குத் தெரியாது. இந்த மனிதர் ஒரு நாய்க்காக வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். நாளைக்கே கூட்டிக்கொண்டு வாறன் சேர் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன்.

அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஆர், மாஸ்டரோ? உந்தக் கணக்கை உம்மோடை வைச்சுக்கொள்ளும். அது இஞ்சை வழக்குக் கேக்குது."

"என்ன வழக்கு?" என்றார் மாஸ்டர்.

"வேலி வழக்கு."

மாஸ்டரின் முகம் மாறியது. அவருக்கும் ஒன்று இருந்தது, ஊரில் யாருக்குத்தான் இல்லை. ஒரு விநாடி அவர் வேலியைப் பார்த்த பார்வையில், போய்க் கட்டிலுக்கு அருகில் தானும் குந்திவிடுவாரோ என்று பயந்தேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லுறீர்? தகப்பன் நீர்தானே."

கை இன்னும் கட்டினபடிதான் இருந்தது. முன் வாங்குக்குக் கீழே அது குறட்டை விட்டுக் கிடந்ததை நினைத்தேன்.

"அது இனி வராது சேர்" என்றேன். ஒரு ஆசிரியருக்கு நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல்முறை.

அவர் கோபிக்கவில்லை. குடையை மறு கக்கத்துக்கு மாற்றினார். "விடுகைப் பத்திரம் தேவையெண்டால் வந்து எடும்" என்றார். படலையைச் சாத்தினார், போனார். மனைவி வெளியே வந்து எனக்குத் தேத்தண்ணி வைத்தாள், பனங்கட்டி வழமையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் சைக்கிளை வெளியே எடுக்கும்போது பெரியவரின் குரல் வேலிக்கு மேலால் கேட்டது. பலமாக இருந்தது. "இப்ப கேள். உந்த மூலைக் கதியாலை எங்கடை பக்கம் ஒரு சாண் தள்ளி நட்டது ஆர்? உன்ரை ஆக்கள்தான். நீ நல்ல நாய், உனக்கு நியாயம் தெரியும்."

நாயிடமிருந்து ஒரு மறுப்பும் வரவில்லை.

"இஞ்சருங்கோ," என்றாள் மனைவி, கொண்டையை முடிந்துகொண்டே, "வழக்குத் திரும்பத் தொடங்கினால் எங்கடை நாய் அந்தப் பக்கத்துச் சாட்சி."

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனாலும் நான் சைக்கிளைச் சாத்திவிட்டு, மூலைக் கதியாலடிக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். பார்த்தால், உண்மையிலேயே கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளித்தான் நின்றது.